படகில் ஒரு சாம்பார் வாளி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று எஸ்கலினுக்குப் பயம்.

வீட்டிலிருந்து உப்பங்கழிக்கரை வரைக்கும் மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாடத்தியின் எதிரில் நின்றதும் முதல் வார்த்தையே மறந்துபோயிற்று.

"நான் ஆறாங் கிளாஸோட நின்னவ," என்றாள். "கோர்வையாச் சொல்ல வராது. நான் தப்பாச் சொன்னா நீ தப்பாப் பதில் சொல்லிருவ. அந்தப் பதில வச்சு நான் எதையாவது செஞ்சு தொலைச்சிருவேன்."

மாடத்தி ஒரு வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் சிப்பிபோல் ஒட்டியிருந்த கொட்டலசைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தப்பாவே சொல்லுங்க எக்கா," என்றாள்.

மாடத்திக்கு நாற்பது வயது இருக்கும். எஸ்கலினைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். படகுகளுக்கு அடியில் முங்கி, அங்கே படிந்து வளரும் கொட்டலசையும் பாசியையும் இரும்புத் தகட்டால் சுரண்டி எடுப்பது அவள் பிழைப்பு. ஊரார் படகுகளை மேலேயிருந்து பார்த்தார்கள். அவள் கீழேயிருந்து பார்த்தாள்.

அவளைக் குரு என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் குழப்பம் வந்தவர்கள் அவளிடம்தான் போனார்கள்.

ஒருவன் போய், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனை என்ன செய்யலாம் என்று கேட்டானாம். அவள் ஒரு கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாளாம். வேலை முடிந்து அவள் கரையேற உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை.

எஸ்கலின் இந்தக் கதையைத் தன் மெஸ்ஸில் கேட்டாள். தோசை கருகும் வரை கேட்டாள்.

"என் படகுல தண்ணி வருது," என்றாள் இப்போது.

"எங்கன?"

"சுக்கான் பிடிக்க உக்காருவோம்லா, அந்தக் குழியில. கரண்டக்கால் வரைக்கும் நிக்கி. இறைச்சா வத்துது. ஒரு மணி நேரத்துல திரும்ப நிக்கி."

"ம்."

"எங்கருந்து வருதுன்னு தெரியல. பௌர்ணமிக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் கெடக்கு."

பௌர்ணமி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

கழி கடலில் சேரும் வாயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்கள் எழுந்துவிட்டன. பௌர்ணமியன்று தூண்களின் மேல் உத்தரங்களைத் தூக்கி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வைத்துவிட்டால், உயரமான பாய்மரம் உள்ள படகு எதுவும் அதற்கடியில் போக முடியாது. அந்தக் கழியில் அப்படிப்பட்ட படகு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதற்குள் அதை வெளியே கொண்டுபோய், கரையோரமாகவே ஒரு பகல் ஓட்டி, தெற்கே உள்ள பெரியதுறையில் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சாகும்வரை கழிக்குள்ளேயே கிடக்கும்.

"பாய்மரத்த அறுத்துருங்களேன்," என்று மெஸ்ஸில் ஒருவன் சொன்னான்.

"ஒன் கழுத்த அறுத்துட்டு இட்லி திம்பியாலே?" என்று எஸ்கலின் கேட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை.

படகு அவளுக்கு வந்த விதம் இதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஹென்றிக் என்ற வெளிநாட்டுக்காரர் தன்னந்தனியாக அதில் வந்து கழியில் நங்கூரம் போட்டார். இருபத்தைந்தடிப் படகு. அப்போதே அதற்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. உள்ளே ஓர் அறை, இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு. அவர் எஸ்கலினின் மெஸ்ஸில் மூன்று வருஷம் சாப்பிட்டார். மத்தியானம் மெஸ் ஓய்ந்த நேரத்தில் அவளுக்குப் பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் காட்டிக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் வராது. அவளுக்கு அவர் பாஷை வராது. அதனால் தப்பாகச் சொல்லவோ தப்பாகக் கேட்கவோ வழியில்லாமல் போயிற்று. அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர், படகை அவள் பேருக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

"இட்லிக்காரி கப்பல் எப்ப புறப்படுது?" என்று ஊர் கேட்டது.

"சட்னி அரைச்சு முடிச்சதும்," என்று அவள் சொல்லுவாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். ஆனால் அந்தப் படகில் ஏறி உட்காரும்போது மட்டும்தான் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் என்றுகூட.

நாலு வருஷம் ஆயிற்று. படகு ஒரு தடவையும் கழிவாயைத் தாண்டவில்லை.

ஏனென்றால் அது பழைய படகு. முதலில் அதைச் சரிபண்ண வேண்டியிருந்தது.

மாடத்தி தகட்டைக் கீழே வைத்தாள். சேலையின் மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கைகளை மடக்கிவிட்டாள். கழியில் இறங்கி, நங்கூரத்தில் நின்ற படகை நோக்கி நீந்தினாள். முங்கினாள்.

எஸ்கலின் கரையில் நின்று மனசுக்குள் எண்ணினாள். நாற்பது வந்ததும் பயந்துபோய் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

மாடத்தி கரைக்கு வந்து தலைமுடியைப் பிழிந்தாள்.

"அடியில ஓட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப தண்ணி எங்கருந்து வருது?"

"கடல்லருந்து."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி."

எஸ்கலினுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவளுக்குப் பேச்சும் வரும்.

"மெக்கானிக் சூசைமிக்கேல் பம்பு வச்சுத் தந்தான். ராப்பகலா ஓடுது."

"எங்க ஊத்துது?"

"வெளிய. கழியில."

"ம்."

"பேட்டரி தாங்கலன்னு இன்னொரு பேட்டரி வச்சோம்."

மாடத்தி தேநீர் குடிக்கிற தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதன் பக்கவாட்டில், பாதிக்கும் கீழே, ஒரு சின்னத் துளை இருந்தது. தேநீர் தீரும் வரை அதை விரலால் அடைத்துக்கொண்டு குடிப்பது அவள் வழக்கம். வேறு சிரட்டை கிடைக்காமல் இல்லை. சிரட்டையைத் தண்ணீர் நிறைந்த வாளியில் மிதக்கவிட்டாள். துளை தண்ணீருக்கு மேலே நின்றது.

"வேற என்னல்லாம் வச்சீக?" என்றாள்.

அப்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை. எஸ்கலின் உட்கார்ந்துவிட்டாள்.

"வழியில தண்ணி இல்லன்னா? அதுக்கு ஒரு டேங்கு."

மாடத்தி தரையில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்துச் சிரட்டைக்குள் போட்டாள்.

"அது ஒழுகிட்டுன்னா? அதுக்கு ரெண்டாவது டேங்கு."

இன்னொரு சிப்பி.

"நங்கூரம் பிடிக்கலன்னா? இருந்தது கயிறு. அதத் தூக்கிட்டுக் கனத்த சங்கிலி போட்டேன். அம்பது கிலோ இருக்கும். பெறவு நான் குட்டை. ஹென்றிக் நெட்டை. உக்காந்தா அறைக் கூரை மறைக்கி, முன்னால என்ன வருதுன்னு தெரியல. சூசைமிக்கேல் இரும்புல உயரமா ஒரு ஆசனம் அடிச்சுத் தந்தான். ரெண்டு ஆளு சேந்துதான் தூக்கினாங்க."

சிப்பி. சிப்பி.

"கேஸு தீந்துட்டுன்னா? ரெண்டாவது சிலிண்டரு. லைஃப் ஜாக்கெட்டு எட்டு."

"எத்தன பேரு போறீக?"

"நான் மட்டுந்தான்."

மாடத்தி சிப்பி போட்டாள்.

"மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி. கல்லுல. நம்ம சுரூபம் சின்னதுதான், ஆனா ஆட்டத்துல விழுந்துறக் கூடாதுல்லா, அதான் கல்லுல. பெறவு... ஆங், பெயிண்டு. படகச் சுத்தி ஒரு நீலக் கோடு உண்டும். அதுக்கு மேல வெள்ளையில பாசி பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. நாலு விரல் மேல ஏத்திப் புதுசாக் கோடு போட்டேன். இப்ப பாக்க லெச்சணமா இருக்கு."

மாடத்தியின் கை அந்தரத்தில் நின்றது.

"எவ்வளவு?"

"நாலு விரல்."

மாடத்தி கையிலிருந்த கடைசிச் சிப்பியைப் போட்டாள்.

வாளியில் சத்தம் கேட்டு எஸ்கலின் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். துளை வழியாகத் தண்ணீர் சிரட்டைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் சிரட்டை முழுகிவிட்டது.

மாடத்தி அதை எடுத்து, சிப்பிகளைக் கொட்டிவிட்டு, வெறும் சிரட்டையை எஸ்கலினிடம் கொடுத்தாள்.

"கொண்டு போங்க எக்கா."

எஸ்கலின் வழியெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு துளையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மெஸ் வாசலுக்கு வந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது.

குழியின் தரையில், பின்பக்கத்து மூலைகளில், இரண்டு துளைகள் உண்டு. குழியில் விழுகிற மழைத் தண்ணீரும் அலைத் தண்ணீரும் தானாக வெளியே போவதற்கு, படகைச் செய்தவர்களே வைத்த துளைகள். நாலு வருஷமாக அவற்றின் மேல்தான் அவள் கால் வைத்து நிற்கிறாள்.

"அட சேசுவே," என்றாள். "ஓட்டையக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேனே!"

மறுநாள் காலையில் சூசைமிக்கேலைக் கூட்டிக்கொண்டு போனாள். சூசைமிக்கேல் மோட்டார் மெக்கானிக். நல்லவன். எஸ்கலின் பயந்து ஒன்று கேட்டால் அவனும் பயந்து இரண்டு செய்து தருவான். பூவரசங்கட்டையைச் செதுக்கி, துணி சுற்றி, வெளிப்பக்கமிருந்து இரண்டு துளைகளிலும் அடித்து இறுக்கினான்.

குழியை இறைத்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

தரை காய்ந்தது.

"எக்கா, நீங்க மெக்கானிக்கா பொறந்திருக்கணும்," என்றான் சூசைமிக்கேல்.

எஸ்கலின் அன்று மாடத்திக்குப் பன்னிரண்டு இட்லியும் கெட்டிச் சட்னியும் கட்டிக்கொண்டு போனாள்.

"அடைச்சிட்டேன்," என்றாள்.

மாடத்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து நல்லாத் தூங்குனீகளா?"

"இன்னைக்குத் தூங்குவேன்."

"அப்பத் தூங்குங்க," என்று சொல்லிவிட்டு மாடத்தி இட்லியைப் பிரித்தாள்.

அந்தப் பேச்சின் தொனி எஸ்கலினுக்குப் பிடிக்கவில்லை. பாராட்டினாளா, கேலி செய்தாளா? சரியாகச் செய்தோமா, பாதிதான் செய்தோமா? பாதிதான் என்றால் மீதி என்ன?

மீதியைத் தேடி அவள் ஒரு வாரம் வேலை செய்தாள். இரண்டாவது நங்கூரம் ஒன்று வாங்கிப் பின்பக்கம் கட்டினாள். பம்புக்கு மாற்றுப் பம்பு வைத்தாள். வழியில் பசித்தால் என்ன செய்வது என்று அரிசி ஒரு மூட்டை ஏற்றினாள். ஒரு பகல் பயணம்தானே என்று சூசைமிக்கேலே கேட்டுவிட்டான்.

"காத்து நின்னுட்டுன்னா?" என்றாள் அவள்.

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. பருப்பும் ஏற்றினான்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிற்பகல் மூன்று மணிக்கு, வானம் கறுத்து மழை கொட்டியது.

அப்படியொரு மழை அந்த வருஷத்தில் பெய்யவில்லை. எஸ்கலின் படகில்தான் இருந்தாள். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அறைக்கூரை ஒழுகவில்லை.

பிறகு குழியைப் பார்த்தாள்.

தண்ணீர் கரண்டைக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. போக வழியில்லை. வழியை அவள்தான் அடைத்திருந்தாள்.

பம்பைப் போட்டாள். ஓடியது. குழி நிறைந்து, வாசல்படி தாண்டி, தண்ணீர் அறைக்குள் இறங்கியது. பேட்டரிகள் அறையின் தரையில் இருந்தன. இரண்டு பம்பும் ஒன்றாக நின்றன.

படகின் பின்பக்கம் அமுங்கியது. கடல் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அமுங்கியது.

காலையில் சாம்பார் கொண்டுவந்த வாளி அறையில் மிதந்தது. எஸ்கலின் அதைப் பிடித்தாள். இறைத்தாள். ஒரு வாளி வெளியே ஊற்றுவதற்குள் வானம் இரண்டு வாளி ஊற்றியது.

"மாதாவே! மாதாவே! எட்டி மாடத்தி!"

கரையில் மாடத்தி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தாள்.

படகின் பின்பக்கம் அவள் தலை தெரிந்தது. கையில் சுரண்டுகிற தகடு. எஸ்கலினைப் பார்க்காமல் நேரே முங்கினாள்.

படகின் உடம்பில் அடி விழுந்தது. டொக். டொக்.

எஸ்கலினுக்கு அது என்ன சத்தம் என்று புரிந்துபோயிற்று.

"தொறக்காதட்டி! கடலு உள்ள வந்துரும்! பாவி, தொறக்காத!"

டொக்.

ஒரு கட்டை மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

எஸ்கலின் கண்ணை மூடிக்கொண்டாள். வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடல் வந்து தன்னை எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

கடல் வரவில்லை.

இடுப்பிலிருந்த தண்ணீர் தொடைக்கு இறங்கியது. தொடையிலிருந்து முழங்காலுக்கு. குடக் குடக் என்று பெரிய மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கரண்டைக்கால் வரை இறங்கியது. அங்கே நின்றுவிட்டது.

மழையும் விட்டிருந்தது.

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"தண்ணி வந்ததும் இது வழியாத்தான். போனதும் இது வழியாத்தான்," என்றாள். "அப்ப இத அடைக்கணுமா, தொறக்கணுமா? எனக்கு ஒண்ணுமே வெளங்கலியே சாமி."

மாடத்தியை அவள் சாமி என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"எறங்குங்க," என்றாள் மாடத்தி.

"எங்க?"

"தண்ணியில."

கரைக்குப் பக்கமான இடம். கால் தரையில் எட்டியது. எஸ்கலின் கழுத்தளவுத் தண்ணீரில், வாளியை விடாமல், இறங்கி நின்றாள்.

மாடத்தி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தாள். படகின் பக்கவாட்டில், தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். தகட்டால் அந்த இடத்தில் நாலு தடவை சுரண்டினாள்.

"தடவிப் பாருங்க."

விரல்களுக்கு ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. பெயிண்டுக்கு அடியில் இன்னொரு பெயிண்டு. நேராக ஓடியது.

"என்ன இது?"

"கோடு."

"கோடு மேலல்லா இருக்கு?"

"இது யாரு போட்டது?"

எஸ்கலின் யோசித்தாள். "செஞ்சவங்க போட்டது. ஹென்றிக் இருந்தப்ப இதுதான்."

"மேல உள்ளது?"

எஸ்கலின் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு விரல்கடை தூரத்தில் அவளுடைய புதுக் கோடு, லட்சணமாக, நீலமாக இருந்தது.

"பாசி பிடிச்சுதுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"எக்கா," என்றாள் மாடத்தி. "கடலு ஏறல."

சொல்லிவிட்டுக் கரைக்கு நீந்திப் போய்விட்டாள்.

எஸ்கலின் அங்கேயே நின்றாள். தண்ணீருக்குள் முழுகிக் கிடந்த அந்தப் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, கைவிரல் சுருங்கிப்போகும் வரை நின்றாள்.

மறுநாள் மெஸ்ஸுக்கு விடுமுறை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். விடுமுறை என்பதில் ஒரு எழுத்து தப்பு. யாரும் கவனிக்கவில்லை. நாலு வருஷத்தில் அவள் மெஸ்ஸை மூடியது அதுதான் முதல் தடவை.

சூசைமிக்கேல் ஓட்டமாக வந்தான்.

"எக்கா, என்ன காரியம் பண்ணுதீக? இதெல்லாம் ஒங்க பாதுகாப்புக்குல்லா வச்சது!"

"தெரியும்லே. அந்தப் பக்கம் பிடி."

அறைக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்து ஊற்றினார்கள். இரும்பு ஆசனத்தை இறக்கினார்கள். சங்கிலியை இறக்கினார்கள். மழையில் ஊறிப் பருத்த அரிசி மூட்டையை இறக்கினார்கள். இரண்டு டேங்கும் காலியாயின. செத்த பேட்டரிகள், செத்த பம்புகள், சிலிண்டர், இரண்டாவது நங்கூரம். ஏழு லைஃப் ஜாக்கெட்டுகள் கரையில் காய்ந்தன.

கல் கெபியின் முன்னால் எஸ்கலின் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். பிறகு மாதா சுரூபத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். கல்லை இறக்கச் சொன்னாள்.

ஒவ்வொன்றும் இறங்க இறங்கப் படகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. யாரும் தூக்கவில்லை. சாயங்காலம் பழைய கோடு தண்ணீருக்கு மேலே வந்தது. மங்கலாக, சுரண்டிய இடத்தில் மட்டும் நீலமாக.

குழியில் நின்ற தண்ணீர் அதுவாகவே போய்விட்டிருந்தது.

மாடத்தி கரையில் உட்கார்ந்து ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எறக்கிட்டேன்," என்றாள் எஸ்கலின்.

"ம்."

"பயம் மட்டும் அப்படியே கெடக்கு. அது எறங்க மாட்டேங்கு."

மாடத்தி கயிற்றை முடித்து முடிச்சுப் போட்டாள்.

"அது கனமில்லயே எக்கா. கெடந்துட்டுப் போவட்டும்."

எஸ்கலினுக்கு இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனாள். தூங்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள், விடிந்ததும், அவள் கழிக்கரைக்கு வந்தாள். ஒரு குடம் தண்ணீர். ஒரு தூக்கில் இட்லி. மடியில் மாதா. உடம்பில் ஒரு லைஃப் ஜாக்கெட். முந்தானைக்குள் மறைத்து இன்னொரு சாமான்.

முந்தானைக்குள் மறைகிற சாமான் இல்லை அது. சாம்பார் வாளி.

மாடத்தி பார்த்தாள்.

"ஒருவேளை வேண்டியிருந்தா," என்றாள் எஸ்கலின், கேட்காத கேள்விக்கு.

நங்கூரத்தை எடுத்தாள். கயிறுதான். லேசாக வந்தது. பாயை ஏற்றினாள். காற்று பின்னாலிருந்து வந்து அதை நிறைத்தது. நாலு வருஷமாக மரக்கட்டை மாதிரி கிடந்த படகு சட்டென்று நகர்ந்ததில் அவள் தடுமாறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடத்தி! வேற என்ன செய்யணும்?" என்று கத்தினாள்.

கரையில் யாரும் இல்லை. மாடத்தி ஏதோ ஒரு வள்ளத்துக்கு அடியில் முங்கியிருந்தாள்.

கழிவாய் நெருங்கியது. பாலத்தின் தூண்கள் இருபுறமும் நின்றன. உத்தரம் தூக்கும் மிதவை ஒன்று வழியில் கிடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கே என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் அறைக்கூரை மறைத்தது. எழுந்து நின்றால் படகு ஆடியதில் கால் நிற்கவில்லை. இரும்பு ஆசனம் கரையில் இருந்தது.

அவள் நின்றாள். ஆடினாள். மிதவை இடது பக்கம் தெரிந்தது. சுக்கானைத் தள்ளினாள். தூண்களைத் தாண்டி, கரையோரமாகத் தெற்கே திரும்பினாள்.

கடலின் முதல் அலை பின்னாலிருந்து ஏறி வந்து குழிக்குள் விழுந்தது.

கரண்டைக்கால்.

எஸ்கலின் வாளியைப் பறித்தாள். முழுக்க மொண்டாள். தூக்கினாள்.

குடக் குடக்.

வாளியைத் தூக்கியபடியே நின்றாள். காலுக்கடியில் தண்ணீர் இரண்டு மூலைகளுக்கும் ஓடியது. சுழன்றது. போயிற்று. தரை தெரிந்தது.

ஒருவேளை தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டாவது அலை வந்தது. இடுப்பு வரை நனைத்தது.

குடக் குடக்.

தரை தெரிந்தது.

அவள் கையில் இருந்த ஒரு வாளித் தண்ணீர்தான் இப்போது படகில் மிச்சம். அதையும் கடலில் ஊற்றினாள்.

முன்னால் என்ன வருகிறது என்று இன்னும் தெரியவில்லை. நின்றால் விழுவாள். மூன்றாவது அலை பின்னால் திரண்டுகொண்டிருந்தது.

எஸ்கலின் வாளியைக் குழியின் ஆசனத்தில் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். சுக்கானை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கூரைக்கு மேலாகக் கடல் தெரிந்தது.